டீசல் வண்டி: வரலாறும் நோயறியும் வழியும்



கோலா குபு பாருவிலிருந்து மலையேறிச் செல்லும் சாலையை வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வாழும் நம்மில் பலர் அறிவோம். பட்டணத்தை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே வளைவுகள் தொடங்கிவிடும். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு. கேப் என்னும் இடத்தில் சாலை பிரிகிறது. ஒரு கிளை ரவூப் பக்கம் இறங்குகிறது; மற்றொன்று பிரேசர் மலைக்கு ஏறுகிறது. ஒரு வண்டி நல்ல வண்டியா, நோய் பிடித்த வண்டியா என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. சமதரையில் நோயை மறைத்துக்கொண்டு ஓடும் வண்டிகூட இந்த ஏற்றத்தில் உண்மையைச் சொல்லிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு செய்தியோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம். எங்களிடம் படித்த மாணவி ஒருத்தியின் தந்தை, தோட்டத்தில் முதலில் பால் வெட்டியவர், பின்னர் செம்பனைக் குலை வெட்டியவர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, முன்பு வாடகைக் காராக ஓடிய பழைய டீசல் மெர்சிடிஸ் வண்டி ஒன்றை வாங்கினார். மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பஸ் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. அதற்காகத்தான் அந்த வண்டி.

ரவூப்பில் உறவினர் வீட்டுத் திருமணம். நாங்களும் அந்த வண்டியில் போனோம். கெர்லிங் சாலையில் குதிரை போல ஓடிய வண்டி, மலை ஏறத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் இழுவை குறைந்து, முனகி, கடைசியில் நின்றே போயிற்று. கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தோம். மீண்டும் உயிர் வந்தது. சிறிது தூரம் ஓடியது. மறுபடியும் நின்றது. திருமணத்திற்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்துவிட்டது.

மறுவாரம் ஒரு பட்டறையில் காட்டினார். வடிகட்டியை இரண்டு முறை மாற்றினார்கள். குறை தீரவில்லை. "எஞ்சின் முடிந்துவிட்டது; பிரித்துக் கட்ட வேண்டும்; 4,000 வெள்ளி ஆகும்" என்றார்கள். அவர் எங்களிடம் வந்து, "சார், நீங்க படிச்சவங்க. என்ன செய்யலாம், சொல்லுங்க" என்று கேட்டார். "பட்டறைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று நாங்கள் சொன்னோம். அந்த ஒரு சொல்லை நம்பி, மனைவியின் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டு போனார்.

அந்தச் சங்கிலி என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறோம். அதற்கு முன் டீசல் எஞ்சின் எப்படிப் பிறந்தது, எப்படி நம் ஊருக்கு வந்து சேர்ந்தது என்று பார்ப்போம். பழைய வண்டிக்கு நோய் பார்க்க வரலாறு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. டீசல் எஞ்சினின் வரலாற்றில் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் ஒரு குறையைத் தீர்த்தது. தீர்த்ததோடு, தனக்கென ஒரு புதிய நோயையும் கூடவே கொண்டு வந்தது. ஆகவே கண்டுபிடிப்புகளை வரிசையாகத் தெரிந்துகொண்டால் நோய்களும் வரிசையாகத் தெரிந்துவிடும்.

சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டால் சுடும். காற்றை இறுக அழுத்தினால் அது சூடாகிறது. இந்த உண்மையை மலாய்த் தீவுக்கூட்ட மக்களும் பர்மா நாட்டு மலைவாசிகளும் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்து, தீ மூட்டப் பயன்படுத்தினார்கள். மலாய்க்காரர்கள் அந்தக் கருவியை 'கோபேக் ஆப்பி' என்றார்கள். மரத்தாலோ கொம்பாலோ ஆன சிறு குழல். அதனுள் இறுக்கமாகப் பொருந்தும் தண்டு. தண்டின் நுனியில் சிறிது பஞ்சு. தண்டை உள்ளங்கையால் ஓங்கி அடித்து உடனே வெளியே இழுத்தால் பஞ்சில் தீப்பொறி பற்றியிருக்கும். தீப்பெட்டி இல்லை, சிக்கிமுக்கிக் கல் இல்லை, காற்றை அழுத்திய சூடு மட்டுமே. இன்றைய டீசல் எஞ்சினும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது.

இந்தத் தத்துவத்தை எஞ்சினாக மாற்றியவர் ருடால்ப் டீசல். ஜெர்மானியப் பெற்றோருக்கு 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் பிறந்தவர். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியக் குடும்பங்கள் பாரிசை விட்டு வெளியேற வேண்டி வந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் டீசல், ஆக்ஸ்பர்க் நகரத்தில் இருந்த உறவினர் வீட்டில் தங்கிப் படித்தான். பின்னர் மியூனிக் நகரத்தில், குளிர்சாதன இயந்திரங்களுக்குப் புகழ்பெற்ற கார்ல் வான் லிண்டே என்ற பேராசிரியரிடம் கற்றான்.

அந்தக் காலத்தில் உலகத்தை இழுத்தது நீராவி எஞ்சின். ஆனால் அதில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறியது. மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியே வீணாகப் போயிற்று. இந்த வீணைக் குறைக்க வேண்டும் என்பதே டீசலின் வாழ்நாள் எண்ணமாயிற்று. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் மிகுதியாக அழுத்துவது; அது கொதிக்கும்போது எண்ணெயைச் செலுத்துவது; எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். 1892இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். 1893 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க்கில் முதல் சோதனை நடந்தது. எரிபொருள் பற்றியது, ஆனால் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. டீசல் மனம் தளரவில்லை. 1897இல் நடந்த சோதனையில் அவருடைய எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் 26 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாற்றியது. அதற்கு முன் எந்த எஞ்சினும் எட்டாத அளவு அது.

அந்த மனிதரின் முடிவு சோகமானது. 1913 செப்டம்பர் 29ஆம் நாள் இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தவர் காணாமற் போனார். பின்னர் கடலில் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. தம் எஞ்சின் காரில் பொருத்தப்படுவதை அவர் பார்க்கவில்லை.

முதல் பாடம் இங்கே கிடைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. அழுத்தமே தீக்குச்சி. பழைய டீசல் மெர்சிடிஸ் எஞ்சினில் காற்று ஏறக்குறைய 21 மடங்கு அழுத்தப்படுகிறது. அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தாலும் வால்வு சரியாக மூடாவிட்டாலும் காற்று கசிந்துவிடும், சூடு ஏறாது, காலையில் வண்டி கிளம்பாது. பாட்டரி பலவீனமாகி ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினாலும் அதே கதைதான். கோபேக் ஆப்பியின் தண்டை மெள்ள அமுக்கினால் தீப்பிடிக்குமா? ஓங்கி அடித்தால்தான் பிடிக்கும். மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் சூடெல்லாம் இரும்புச் சுவருக்குள் போய்விடுகிறது. ஆகையால் 'எஞ்சின் போச்சு' என்று தலையில் கை வைக்குமுன் பாட்டரியையும் அதன் கம்பி இணைப்புகளையும் பாருங்கள். பச்சை பூத்த இணைப்பைச் சுரண்டித் துடைத்த மாத்திரத்தில் கிளம்பிய வண்டிகள் எத்தனையோ.

தொடக்க கால டீசல் எஞ்சின் ஒரு வீட்டளவு பெரியது. எண்ணெயைத் தூவுவதற்கே தனியாக ஒரு காற்றழுத்த இயந்திரம் வேண்டியிருந்தது. அதை வண்டியில் ஏற்ற முடியவில்லை. 1909இல் புராஸ்பர் லொராஞ்ச் என்பவர் சிலிண்டருக்கு மேலே ஒரு சிறு முன்னறை வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெய் முதலில் அந்தச் சிற்றறையில் பற்றி, அங்கிருந்து சீறிப் பாய்ந்து சிலிண்டரில் முழுமையாக எரியும். காற்றழுத்த இயந்திரம் தேவையில்லாமற் போயிற்று. 1923, 1924ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் டீசல் லாரிகள் ஓடத் தொடங்கின.

ஆனால் முன்னறையும் ஒரு நோயைக் கொண்டு வந்தது. குளிர்ந்திருக்கும்போது அந்த அறையின் சுவர் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். எனவே அதைச் சூடாக்க ஹீட்டர் பிளக் வைத்தார்கள். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருக்கிறோமே, அது இதற்காகத்தான். பழைய வண்டிகளில் ஹீட்டர் பிளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்திருப்பார்கள். தீபாவளிக்குத் தொங்கவிடும் சீரியல் விளக்கில் ஒரு பல்பு போனால் முழு வரிசையும் அணைவது போல, ஒரு பிளக் எரிந்துபோனால் நான்கும் வேலை செய்யாது. ஏறக்குறைய 1980க்குப் பின் வந்த வண்டிகளில் தனித்தனியாக இணைத்தார்கள்; அவற்றில் ஒன்று போனால் வண்டி கிளம்பும், ஆனால் சிறிது நேரம் ஒரு சிலிண்டர் நொண்டும், வெண்புகை வரும். பகலெல்லாம் சூடாக இருக்கும்போது ஒரே திருப்பில் கிளம்பி, விடியற்காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் வண்டியா? முதலில் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள்.

அடுத்த பெரும் படி 1927. ராபர்ட் பாஷ் நிறுவனம் எண்ணெயை அளந்து, குறித்த நொடியில், மிகுந்த அழுத்தத்தில் செலுத்தும் பம்பைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. இந்தப் பம்ப் வந்த பிறகே டீசல் எஞ்சின் காருக்குள் நுழைந்தது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற காரை வெளியிட்டார்கள். 45 குதிரைச் சக்தி, வேகம் அதிகமில்லை, ஆனால் எண்ணெய்ச் செலவு குறைவு. ஜெர்மனியின் வாடகைக் கார்க்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அன்று தொடங்கிய உறவு நம் நாட்டிலும் தொடர்ந்தது. 190 டி, 200 டி, 240 டி என்ற மெர்சிடிஸ் வண்டிகள் ஊர் விட்டு ஊர் போகும் வாடகைக் கார்களாக மலேசியச் சாலைகளில் பல்லாண்டு ஓடின. நான்கு பேர் சேர்ந்தால் வண்டி புறப்படும். நம் பெற்றோர் பலர் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் போனது அந்த வண்டிகளில்தான்.

பாஷ் பம்ப் கொண்டு வந்த நோய் என்ன? அதற்குக் காற்று ஆகாது. எண்ணெயை அழுத்தினால் சுருங்காது. காற்றை அழுத்தினால் சுருங்கும். எண்ணெய்க் குழாயில் சிறு கீறல் விழுந்து ஒரு குமிழிக் காற்று புகுந்தாலும், பம்ப் அந்தக் குமிழியை அழுத்தி அழுத்தி விடுமே தவிர, எண்ணெய் முனைக்குப் போய்ச் சேராது. இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் கிளம்பி, ஒரு நிமிடம் ஓடி, இருமி நின்றுவிட்டால் காற்று புகுந்திருக்கிறது என்று ஐயப்படலாம். பழைய பம்புகளின் பக்கத்தில் கையால் அடிக்கும் சிறு பம்ப் ஒன்று இருக்கும். வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சிறிது தளர்த்தி, நுரை நின்று சுத்தமான எண்ணெய் வரும்வரை அடித்து, திருகை இறுக்கினால் வண்டி கிளம்பும். மறுநாளும் இதே கதை என்றால் காற்று எங்கே நுழைகிறது என்று தேட வேண்டும். விரிசல் விட்ட ரப்பர் குழாய்களே பெரும்பாலும் குற்றவாளி.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். தோட்டத்து மக்களுக்கு டீசல் எஞ்சின் முதலில் காராக அறிமுகமாகவில்லை. ரப்பர் ஆலையில் பால் தகடுகளை உருட்டும் உருளைகளைச் சுற்றியது எண்ணெய் எஞ்சின். லயத்துக்கு மாலையில் வெளிச்சம் கொடுத்து, இரவில் குறித்த நேரத்தில் அணைந்து போனது டீசல் ஜெனரேட்டர். எஞ்சின் அறையின் 'டப் டப்' ஓசை நின்றால் தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 1957இல் மலாயா ரயில்வே இங்கிலாந்திலிருந்து டீசல் ரயில் எஞ்சின்களைத் தருவித்தது. செந்தூல் ரயில் பட்டறையில் பணியாற்றிய தமிழர்கள், நீராவியில் பழகிய கையை டீசலுக்கும் பழக்கிக்கொண்டார்கள். ஆகவே டீசல் எஞ்சின் நமக்கு அந்நியமன்று. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத எஞ்சின் டிரைவர்கள் ஓசையைக் கேட்டே நோய் சொன்ன காலம் ஒன்று நம் தோட்டங்களில் இருந்தது.

அப்படிப்பட்ட ஒருவர்தான் அந்தச் சங்கிலியை மீட்டுக் கொடுத்தார். ரப்பர் ஆலையில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறைக்குப் பணம் கட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டு வந்தார். வண்டியைத் தொடவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"தம்பி, காலையில எப்படிக் கிளம்புது?"

"ஒரே திருப்புல கிளம்பிடுது, பெரியவரே."

"மலையில இழுவை விழும்போது பின்னால கரும்புகை வந்துச்சா?"

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் பின் இருக்கையில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் வந்தோம். புகையே இல்லை என்றோம்.

"எஞ்சின் செத்துப் போயிருந்தா காலையில எப்படிங்க சார் ஒரே திருப்புல கிளம்பும்? அழுத்தம் நல்லாத்தான் இருக்கு. காத்து அடைச்சிருந்தா கரும்புகை தள்ளியிருக்கும். புகையே இல்லேன்னா எண்ணெய் வந்து சேரலே. சமதரையில கொஞ்சம் எண்ணெய் போதும். மலையில நிறைய கேக்கும், அப்ப கிடைக்கலே. நிறுத்தி வச்சா மறுபடி ஓடுதில்ல? அடைச்ச அழுக்கு கீழே இறங்குது. அவ்வளவுதான்."

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. தம் சொல்லைச் சோதித்துக் காட்டினார். சுத்தமான டப்பாவில் டீசல் ஊற்றி, எஞ்சின் பக்கத்தில் அசையாமல் கட்டி, டாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, டப்பாவிலிருந்து நேராகக் குழாய் கொடுத்தார். அதே மலைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். நின்ற இடத்தையெல்லாம் தாண்டி வண்டி இழுத்துக்கொண்டு போயிற்று. எஞ்சினில் குற்றமில்லை, டாங்கியில்தான் குற்றம் என்பது உறுதியாயிற்று. டாங்கியை வடித்தபோது அடியில் தண்ணீரும், கறுத்த கூழ் போன்ற கசடும் வந்தன. டாங்கிக்குள் இருந்த சல்லடை முக்கால்வாசி அடைத்திருந்தது. வடிகட்டியை மாற்றியவர்கள், வடிகட்டிக்கு முன்னால் இருந்த சல்லடையைப் பார்க்கவில்லை. கழுவி மாட்டி, குழாய்களைப் புதுப்பிக்க ஆன செலவு 100 வெள்ளிகூட இல்லை.

நேயர்களே, நம் ஊரின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. பழைய கோலா குபு நகரம் இப்போதைய இடத்தில் இல்லை. அங்கே வெள்ளத்துக்கு மேல் வெள்ளம். 1883இல் அணை உடைந்து பேரழிவு நேர்ந்தது. பின்னர் ஆற்றின் மேற்பகுதியில் ஈயச் சுரங்கங்களிலிருந்து கழுவி விடப்பட்ட மண் ஆற்றுப் படுகையை மேடாக்கியது. 1926இல் மீண்டும் பெருவெள்ளம். கடைசியில் நகரத்தையே மேட்டு நிலத்துக்கு மாற்றி, கோலா குபு பாரு என்று பெயரிட்டார்கள். வெள்ளம் சூழ்ந்தது கீழே உள்ள கடைத்தெருவில்; அதற்குக் காரணமான மண் வந்தது மேலே உள்ள சுரங்கத்திலிருந்து. அறிகுறி தெரியும் இடம் ஒன்று, நோய் இருக்கும் இடம் வேறு. எஞ்சின் நின்றது என்பதற்காக எஞ்சினில்தான் நோய் என்று எண்ணிவிடக் கூடாது.

'நெருப்பின்றிப் புகையாது' என்பது பழமொழி. டீசல் வண்டியில் இந்தப் பழமொழி பொய்த்துப் போகும். நெருப்பு இல்லாவிட்டாலும் அது புகையும். வெண்புகை என்றால் எண்ணெய் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். காலையில் மட்டும் வந்து சூடேறியதும் நின்றுவிட்டால் ஹீட்டர் பிளக். நெடுநேரம் நிற்காமல் வந்தால் அழுத்தக் குறைவோ, பம்ப் எண்ணெய் செலுத்தும் நேரம் பிந்துவதோ காரணமாக இருக்கலாம். ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், அது புகையன்று, நீராவி. ஹெட் கேஸ்கெட் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

கரும்புகை என்றால் எண்ணெய் மிகுதி, காற்று குறைவு. முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தும் புகை வந்தால், எண்ணெய் தூவும் நாசில் தூவாமல் ஒழுகுகிறது என்று கொள்ளலாம். நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. அளவுக்கு மேல் ஊற்றிவிட்டோமா என்று அளவுகோலில் பாருங்கள். இல்லையென்றால் பிஸ்டன் வளையமோ வால்வுச் சீலோ தேய்ந்திருக்கிறது. இதுவே உண்மையில் பெருஞ்செலவு வைக்கும் புகை. ஆக, மூன்று நிறப் புகைகளில் இரண்டு பெரும்பாலும் சிறு செலவோடு முடிபவை.

ஓசைக்கும் பொருள் உண்டு. குளிர்ந்த டீசல் எஞ்சின் தட்டுவது இயல்பு. சூடேறிய பிறகும் ஒரே ஒரு சிலிண்டர் சுத்தியலால் அடிப்பது போல் தட்டினால் அதன் நாசில் கெட்டிருக்கலாம். எந்தச் சிலிண்டர் என்று அறிய, பழைய எஞ்சின்களில் மெதுவாக ஓடும்போது நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்திப் பார்ப்பார்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும்; தட்டும் சிலிண்டரைத் தளர்த்தினால் தட்டல் நிற்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. பழைய எஞ்சினிலும்கூட அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகத்தில் பீறிடும். விரலை அருகில் கொண்டு போகக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். 1997க்குப் பின் வந்த காமன் ரெயில் வகை எஞ்சின்களில் இதைச் செய்யவே கூடாது. அவற்றில் அழுத்தம் பத்து மடங்குக்கு மேல். உயிருக்கே ஆபத்து.

இன்னொரு வேடிக்கையான நோய். சாவியை எடுத்த பிறகும் சில பழைய மெர்சிடிஸ் டீசல் கார்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பேய் பிடித்ததென்று எலுமிச்சம்பழம் நறுக்க வேண்டாம். அந்த வண்டிகளில் எஞ்சினை நிறுத்துவது மின்சாரமன்று. காற்றை உறிஞ்சும் மெல்லிய குழாய். அந்தக் குழாய் விரிந்தோ கழன்றோ போனால் நிற்காது. பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் அதே உறிஞ்சும் பம்பிலிருந்தே வருவதால், இதை விளையாட்டாக எண்ணாமல் உடனே பார்க்க வேண்டும்.

மலைச் சாலையில் சூடேறும் வண்டிக்கு ரேடியேட்டர், விசிறி, விசிறிப் பட்டை, தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் பாருங்கள். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்கவே வேண்டாம். ஓரமாக நிறுத்தி, ஒரு கோப்பைத் தேநீர் குடித்து, ஆறிய பிறகு திறந்தால் போதும்.

இறுதியாக நம் தோட்டத்தோடு தொடர்புள்ள ஒரு செய்தி. 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. தாவர எண்ணெய் ஒரு நாள் முக்கிய எரிபொருளாகலாம் என்று டீசலே பின்னர் சொன்னார். அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1917இல், கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் பத்தாங் பெர்சுந்தை அருகே தெனமாராம் தோட்டத்தில் ஹென்றி பாக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்த ஊர் இன்று பெஸ்தாரி ஜெயா. டீசலின் எண்ணமும் தெனமாராமின் செம்பனையும் பின்னாளில் ஒன்றுசேர்ந்தன. 2011 முதல் நம் நாட்டுப் பெட்ரோல் நிலையங்களில் 5 விழுக்காடு பனை எண்ணெய் டீசல் கலந்து விற்கத் தொடங்கினார்கள்; 2019இல் அது 10 விழுக்காடாயிற்று. நம் கையால் வெட்டிய குலையின் எண்ணெய் நம் வண்டியிலேயே எரிகிறது.

ஆனால் இதுவும் தன் நோயைக் கொண்டு வராமல் இல்லை. பனை டீசல் வெறும் டீசலைவிடத் தண்ணீரை எளிதில் ஈர்க்கும். பழைய டாங்கியில் படிந்த கசடை இளக்கிக் கொண்டு வரும். தண்ணீரும் எண்ணெயும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கூழாகும். கலப்பு விகிதம் கூடக் கூட, பழைய காலத்து ரப்பர் குழாய்கள் ஊதி இளகும். செம்பனையின் எண்ணெய் பால்மரத்தின் ரப்பரைத் தின்கிறது! பழைய டீசல் வண்டி வைத்திருப்போர் டாங்கியைக் கூடுமானவரை நிறைத்தே வையுங்கள். வெற்றிடம் குறைந்தால் உள்ளே பனித்துச் சேரும் நீரும் குறையும். வடிகட்டியைக் காலத்தில் மாற்றுங்கள். மாற்றும்போது முன்னுள்ள சல்லடையையும் பாருங்கள்.

2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே நாளில் ஏறியது நினைவிருக்கும். புகையாகப் போகும் ஒவ்வொரு துளியும் வீட்டுச் செலவிலிருந்து போவதுதான். ஆகவே நோயறிதல் பொழுதுபோக்கன்று.

எல்லாப் பட்டறைக்காரரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மையாக உழைப்பவர்கள் பலர். எங்கள் மாணவர்களிலும் சிலர் இன்று அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் பட்டறைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் எப்படிக் கிளம்புகிறது? புகை என்ன நிறம்? குறை எப்போது வருகிறது, குளிரிலா, சூட்டிலா, ஏற்றத்திலா? நிறுத்தி வைத்தால் தீர்கிறதா? தண்ணீர் குறைகிறதா, எஞ்சின் எண்ணெய் குறைகிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் ஒருவரிடம், காரணம் சொல்லாமல் பெருந்தொகை கேட்க யாரும் தயங்குவார்கள்.

அந்தச் சங்கிலி இரண்டு வாரத்தில் அடகுக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. வட்டிப் பணம் மட்டும் போயிற்று. அந்த வட்டியை நாங்கள்தான் கட்டியிருக்க வேண்டும். ஏனெனில் 'காற்றை அழுத்தினால் சூடாகும்' என்பதை ஆண்டுதோறும் சைக்கிள் பம்பைக் காட்டி வகுப்பில் நடத்துகிறவர்கள் நாங்கள். கேட்க வேண்டிய நேரத்தில் அந்தப் பாடம் எங்களுக்கே நினைவுக்கு வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவருக்கு வந்தது.

இப்போது எங்கள் அறிவியல் பாடத்தில் சைக்கிள் பம்புக்குப் பிறகு அந்த டாங்கிச் சல்லடையையும் மாணவர்களுக்குக் காட்டுகிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ எஞ்சின் அறையில் வேலை செய்த முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். ரப்பர் ஆலைகள் பல மூடப்பட்டுவிட்டன. அந்த அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது. பிள்ளைகளை ஒரு மாலை அவரிடம் அனுப்புங்கள். வண்டியின் மூடியைத் திறந்து வைத்து, எது எதற்கு என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வார்.